பெற்றோல் தாங்கியை ஒட்டுவதற்கு முன் ஆவியை எப்படிப் போக்குவது? விமானத் தாங்கி திருத்துகிற ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்

புதுக்குடியிருப்பு வெல்டர்:

எல்லோருக்கும் வணக்கம். கடையில் இரண்டு வேலை வந்து கிடக்கிறது, இரண்டையும் தொடாமல் வைத்திருக்கிறேன். ஒன்று அலுமினியத் தாங்கி, 40 லீற்றர் பிடிக்கும், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து படகுக்குப் போட்டது, அடித் தையலில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, பெற்றோல் கசிகிறது. மற்றது 200 லீற்றர் இரும்புப் பரல். 2022 இல் வரிசையில் நின்று சேர்த்த பெற்றோல் அதற்குள் இருந்ததாம், இப்போது நெல் அவிக்க நடுவால் வெட்டித் தரட்டாம். மூடியைக் கழற்றி வெயிலில் போட்டிருந்தது, வெறும் பரல்தானே என்கிறார் கொண்டுவந்த ஐயா. மூக்கை வைத்தால் எனக்கு இன்னும் மணக்கிறது.

ஒரு காணொளியில் சின்ன விமானத்தின் தாங்கிக்குள் ட்ரை ஐஸ் (உறைந்த காபனீரொட்சைட்டு) போட்டுவிட்டு ஒட்டுகிறார்கள். இங்கே அதற்கு எங்கே போவது? என்னிடம் இருப்பது டிக் வெல்டிங் மெசின், ஆர்கன் சிலிண்டர், கொம்பிரசர். விமானம் திருத்துகிறவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பரலை வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பினால் அந்த மனிசன் அடுத்த கடைக்குத்தான் போவார், அங்கே ஒரு பெடியன் யோசிக்காமல் கிரைண்டரை வைத்துவிடுவான், அதுதான் எனக்குத் தலையிடி.

ஏ9 கராச்:

தம்பி, இதற்கு இவ்வளவு யோசனையா? லான்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு மெசினை, ஸ்ரார்ட் பண்ணி சைலன்சரில் ஒரு ரப்பர் குழாயைச் செருகுங்கள், மற்ற முனையைத் தாங்கிக்குள் விடுங்கள், பத்து நிமிடம் ஓடட்டும். புகை நிறைந்தால் உள்ளே காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் எரிய என்ன இருக்கிறது? மாங்குளத்தில் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் ஒட்டுகிறோம், எல்லோரும் கை கால்களோடு இருக்கிறோம். டீசல் தாங்கி என்றால் அதுவும் தேவையில்லை. டீசலுக்குள் நெருப்புக் குச்சியைப் போட்டால் குச்சிதான் அணையும்.

இரசாயன ரீச்சர்:

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன், வெல்டிங் தெரியாது, கணக்கு மட்டும் சொல்கிறேன்.

பெற்றோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் வெடிக்கும். குறைந்தால் எரிபொருள் போதாது, கூடினால் ஒட்சிசன் போதாது. ஒரு லீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் சுமார் 200 லீற்றர் ஆவி. இப்போது உங்கள் 40 லீற்றர் தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1.4 சதவீதம் அரை லீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவு ஆவிக்கு 3 மில்லிலீற்றர் பெற்றோல் போதும். 7.6 சதவீதத்துக்கு 15 மில்லிலீற்றர். அதாவது அரைத் தேக்கரண்டியிலிருந்து மூன்று தேக்கரண்டி வரை எங்கேயாவது ஒரு மூலையில் மிஞ்சியிருந்தால் அந்தத் தாங்கி சரியாக வெடிக்கிற கலவையோடு உட்கார்ந்திருக்கிறது. கவிழ்த்து வடித்துவிட்டேன் என்று சொல்லும்போது மிஞ்சுகிற அளவே அதுதான்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாதி பெற்றோலோடு மூடி இறுக்கிய தாங்கிக்குள், எங்கள் வெக்கைக்கு, ஆவி மேல் எல்லையையும் தாண்டி நிற்கும், ஆகவே உள்ளே எரியாது. நீங்கள் வடித்து, மூடியைத் திறந்து, காற்றை உள்ளே விடும்போதுதான் அது இறங்கி இறங்கி வெடிக்கிற இடத்துக்கு வருகிறது. மூடிய பாத்திரத்துக்குள் பற்றினால் அமுக்கம் எட்டு மடங்கு அளவுக்கு ஏறும். பரலின் தட்டு அதைத் தாங்காது.

ஏ9 அண்ணைக்கு: டீசல் எஞ்சின் சுமையில்லாமல் சும்மா ஓடும்போது தனக்குத் தேவையானதைவிட நிறையக் காற்றை இழுக்கிறது. அதன் புகையில் 15 முதல் 18 சதவீதம் வரை ஒட்சிசன் அப்படியே வெளியே வரும். வெளிக்காற்றில் இருப்பது 21. பெற்றோல் ஆவி எரியாமல் இருக்க வேண்டுமென்றால் ஒட்சிசனை 12 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். லான்ட்மாஸ்டர் புகை கண்ணுக்குத்தான் கறுப்பு, வேலைக்கு அது காற்றுத்தான். சூட்டையும், இடைக்கிடை கரித் தணலையும் சேர்த்து உள்ளே அனுப்புகிறீர்கள்.

ஏ9 கராச்:

ரீச்சர், கணக்கு கணக்காக இருக்கட்டும். இத்தனை தாங்கி ஒட்டியிருக்கிறோம், ஒன்றும் வெடிக்கவில்லையே, அதற்கு என்ன கணக்கு?

இரசாயன ரீச்சர்:

அநேகமாக ஒட்டுவதற்கு முன் தண்ணீர் விட்டு அலசியிருப்பீர்கள். காப்பாற்றியது தண்ணீர், பெயர் புகைக்குப் போய்விட்டது.

ஏ9 கராச்:

அலசாமல் யார் ஒட்டுவான்? அது தனி.

சும்மா வந்தவன்:

கடைக்குள் சிவப்புச் சிலிண்டர் தொங்குமே, காபனீரொட்சைட்டு தீயணைப்பான். அதைத் தாங்கிக்குள் ஒரு அடி அடித்தால் காணாதா? அதுவும் ட்ரை ஐஸும் ஒரே சாமான்தானே.

முள்ளியவளை ஹங்கர்:

தம்பி, அதைச் செய்யவே வேண்டாம். சாமான் ஒன்றுதான், ஆனால் தீயணைப்பானிலிருந்து அது பனித்தூளாகச் சீறிக்கொண்டு வரும்போது நிலைமின்னை ஏற்றிக்கொண்டு வருகிறது. ஜெர்மனியில் பிற்பேர்க் பக்கம் 1954 இல் விமான எரிபொருள் சேமிக்கிற தாங்கி ஒன்றில் தீயணைப்புத் தொகுதியைச் சோதித்துப் பார்க்கக் காபனீரொட்சைட்டைத் திறந்தார்கள், தாங்கி வெடித்து 29 பேர் செத்தார்கள். எரியாமல் தடுக்கவென்று விட்ட வாயுவே பொறியைக் கொடுத்தது. காபனீரொட்சைட்டு விடுவதென்றால் மிக் வெல்டிங்குக்குப் பாவிக்கிற காபனீரொட்சைட்டுச் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக மெதுவாக விட வேண்டும், சீறக்கூடாது.

சரி, வெல்டர் தம்பி கேட்டதுக்கு வருகிறேன். ஊர் முள்ளியவளை, இப்போது ஒன்ராறியோவில் சின்ன விமானங்கள் திருத்துகிற ஹங்கர் ஒன்றில் வேலை. முதலில் ஒன்று, பெரும்பாலான விமானத் தாங்கிகளை நாங்கள் ஒட்டுவதே இல்லை. சிலவற்றில் தாங்கி என்பது இறக்கைக்குள் மடித்து வைத்த ரப்பர் பை, அதை ஒட்டுவது எப்படி. சிலவற்றில் இறக்கையின் ஒரு பகுதியையே பசை பூசி அடைத்துத் தாங்கியாக்கியிருப்பார்கள், அந்தப் பசை எரிபொருளை ஊறவைத்து வைத்துக்கொள்ளும், சூடு காட்டினால் பசையும் போச்சு. ஒட்டக்கூடியது கழற்றி எடுக்கிற அலுமினியத் தாங்கி மட்டும்தான். பைப்பர் செரோக்கியில் இறக்கையின் முன்விளிம்போடு வரிசையாகத் திருகாணி அடித்துப் பூட்டியிருக்கும், ஒரு பக்கத்துக்கு 95 லீற்றர் அளவு பிடிக்கும். அதைக்கூட நாங்கள் கழற்றிக் கழுவி, இதே வேலையாக இருக்கிற கடைக்குத்தான் அனுப்புவோம்.

வடிக்கிறது ஹங்கருக்கு வெளியே, வெட்டவெளியில். விமானத்தையும் வடிக்கிற இரும்புக் கலனையும் கம்பியால் இணைத்து நிலத்துக்கும் ஒரு கம்பி கொடுத்துவிட்டுத்தான் வால்வைத் திறப்போம், எரிபொருள் குழாயால் ஓடும்போதே நிலைமின் ஏறும். அடியில் இருக்கிற வடிகால் வாயையும் திறந்துவிட வேண்டும், மேல் மூடியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு காற்றுப் போகிறது என்று இருந்தால் ஒன்றும் போகாது. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம், அடியில் படுத்துக் கிடக்கும். அந்த ஐயாவின் பரல் அத்தனை நாள் வெயிலில் கிடந்தும் மணப்பது அதனால்தான்.

காற்றோட்டத்துக்கு மின்விசிறி வைக்கமாட்டோம், வக்கூம் கிளீனரை அண்டவே விடமாட்டோம், மோட்டரின் கரித்துண்டில் பொறி பறக்கும். கொம்பிரசர் காற்றால் ஓடுகிற உலோகக் கூம்பு ஒன்று இருக்கிறது, சுழலுகிற பாகமே அதில் இல்லை, வேகமாகப் போகிற காற்று தாங்கிக்குள் இருப்பதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியே போகும். அதையும் கம்பியால் தாங்கியோடு இணைப்போம். இழுத்த ஆவி போகிற பக்கத்தில் ஆள், வாகனம், தீ எதுவும் இருக்கக்கூடாது. கொம்பிரசர் குழாயை நேரே வாய்க்குள் விட்டு ஊதினால் ஆவி கடைத் தரைக்குத்தான் வந்து படியும், பிறகு தரையோடு தரையாக ஊர்ந்து எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

பிறகு சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும். தாங்கிக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் நிற்கும், அவற்றின் மூலைகளில்தான் வார்னிஷ் மாதிரி பழைய எரிபொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். புரட்டிப் புரட்டி அலச வேண்டும், வடிகிற தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரியாமல் போகும் வரைக்கும். இதற்கெல்லாம் பிறகுதான் ஆவியை அளக்கிற வாயுமானி. வெடிக்கிற கீழ் எல்லையின், அதாவது ரீச்சர் சொன்ன அந்த 1.4 இன், 10 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் ஆள் உள்ளே போகலாம் என்பார்கள், ஒட்டுவதற்கு எனக்குச் சைபர் காட்ட வேண்டும். உள்ளே இருக்கிற காற்றைத் தள்ள ஆர்கன் விட்ட பிறகு அந்த மானியை நம்பாதீர்கள். ஒட்சிசன் இல்லாத இடத்தில் சாதாரண மானி உள்ளே ஆவி இருந்தாலும் சைபர் காட்டும். அளப்பது முதல், ஆர்கன் பிறகு.

இங்கே இன்னொரு தொல்லை, பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு ஊற்றுகிற நீல நிறப் பெற்றோலில் இன்னும் ஈயம் கலந்திருக்கிறது, தாங்கிக்குள் காய்ந்து கிடக்கிற தூளை வெறும் கையால் தொடுவதில்லை. உங்களுக்கு அது இல்லை.

கடலோடி முல்லை:

அண்ணை, எங்கள் வெளியிணைப்பு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய்தான் ஊற்றுகிறோம், ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல். மண்ணெண்ணெய்த் தாங்கிக்கும் இந்தப் பாடெல்லாம் படவேணுமா? பொருளாதாரத் தடை நேரம் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினோம், ஸ்ரார்ட் எடுக்க காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விடுவோம், ஜாம் போத்தல் விளக்கும் அதே மண்ணெண்ணெய்தான். ஒன்றும் வெடித்ததாக ஞாபகம் இல்லை.

இரசாயன ரீச்சர்:

பெற்றோல் சைபருக்குக் கீழே 40 பாகை குளிரிலும் பற்றக்கூடிய ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகை அல்லது அதற்கு மேலே வேண்டும், டீசலுக்கு 50 ஐத் தாண்ட வேண்டும். ஆகவே வீட்டு நிழலில் மண்ணெண்ணெய்க் கான் பேசாமல் இருக்கும். சித்திரை வெயிலில் கடற்கரை மணலில் கிடக்கிற கறுப்புத் தாங்கியைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது, 38 எல்லாம் காலையிலேயே தாண்டியிருக்கும். அதோடு நீங்களே சொல்கிறீர்கள், பெற்றோலும் கலந்து புழங்குகிறது என்று. கொஞ்சப் பெற்றோல் கலந்தாலே அந்த மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரித்தான் நடக்கும்.

டீசலுக்கும் இதே கதைதான். குச்சி அணையும் என்று ஏ9 அண்ணை சொன்னது குளிர்ந்த டீசலுக்குச் சரி. வெல்டிங் சுடர் தகட்டைப் பல நூறு பாகைக்குக் கொண்டுபோகிறது, உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிற டீசல் படலம் அந்த இடத்திலேயே ஆவியாகி, ஆவியும் நெருப்பும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கிடைக்கும். வேலை தொடங்கும்போது மணமே இல்லாத தாங்கி, வேலை நடக்கும்போது வெடிக்கிற தாங்கியாகிறது.

முள்ளியவளை ஹங்கர்:

ரீச்சர் சொன்னதுக்குப் பெரிய விமானத்திலேயே கதை இருக்கிறது. 1996 யூலை 17, நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட ரிடபிள்யூஏ 800, போயிங் 747, கொஞ்ச நேரத்தில் வானத்தில் வெடித்து 230 பேரும் இறந்தார்கள். ஊற்றியிருந்தது மண்ணெண்ணெய் வகை ஜெட் எரிபொருள். நடுத் தாங்கி கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது, அவ்வளவு பெரிய தாங்கியின் அடியில் 200 லீற்றர்கூட இல்லை. அதற்குக் கீழேதான் குளிரூட்டிப் பொறிகள், தரையில் நிற்கும்போது அவை விட்ட சூட்டில் அந்தக் கொஞ்ச எரிபொருள் ஆவியாகிக்கொண்டிருந்தது. எரிபொருள் மட்டம் காட்டுகிற வயர் வழியாக மின்சாரம் உள்ளே போயிருக்கலாம் என்பதுதான் விசாரணையின் முடிவு. தாங்கி நிறைய இருந்திருந்தால் ஆவிக்கு இடமே இருந்திருக்காது. அதற்குப் பிறகு 2008 இல் அமெரிக்காவில் சட்டமே வந்தது, பெரிய பயணிகள் விமானங்களில் இப்போது தாங்கிக்குள் நைதரசன் கூடிய காற்றை விட்டுக்கொண்டேயிருக்கிறார்கள்.

புதுக்குடியிருப்பு வெல்டர்:

தரையோடு ஊர்ந்து போகும் என்று அண்ணை எழுதியதை வாசித்துவிட்டுக் கடையை ஒருக்காச் சுற்றிப் பார்த்தேன். தாங்கி வைத்திருக்கிற மூலையிலிருந்து பார்த்தால் வாகனத்துக்குக் கீழே இறங்கி வேலை செய்கிற குழி, அதைத் தாண்டி வாசல், வாசலில் காலமை கடை திறந்தவுடன் கற்பூரம் கொளுத்துகிற சிரட்டை. சாமிப்படத்துக்கு விளக்கு உயரத்தில் இருக்கிறது, கற்பூரம் நிலத்தில் இருக்கிறது. பின்னேரத்தில் நுளம்புத் திரியும் நிலத்தில்தான். இரண்டு சாமானையும் வெளியே வேப்ப மரத்தடிக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது கேள்வி. ட்ரை ஐஸ் கிடைக்காது, வாயுமானி என்னிடம் இல்லை. ஆர்கனும் தண்ணீரும் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு அலுமினியத் தாங்கியை ஒட்டலாமா?

முள்ளியவளை ஹங்கர்:

மானி இல்லையென்றால் ஆவி போய்விட்டதா என்று அறிய வழி இல்லை, மூக்கு மானி இல்லை, கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். ஆகவே ஆவிக்கு இடமே இல்லாமல் செய்யுங்கள். தண்ணீர்தான் உங்கள் ஆள்.

முதலில் மேலே சொன்ன மாதிரி நன்றாகக் கழுவுங்கள், தண்ணீர் நிரப்பப் போகிறேன்தானே என்று கழுவாமல் விடாதீர்கள், எண்ணெய் தண்ணீருக்கு மேலே வந்து நீங்கள் ஒட்டுகிற இடத்தில்தான் மிதக்கும். பிறகு தாங்கியைத் தலைகீழாகக் கவிழுங்கள், வெடிப்பு மேலே வரும். ஊற்றுகிற மூடியில் காற்றுத் துளை இருக்கும், அதை அடைத்து இறுக்குங்கள். எஞ்சினுக்கு எரிபொருள் போகிற வாய் இப்போது மேலே வந்திருக்கும், அதன் வழியாகத் தண்ணீர் நிரப்புங்கள், வெடிப்புக்கு மூன்று நான்கு சென்ரிமீற்றர் கீழே நிற்கட்டும். முட்ட நிரப்பினால் அலுமினியம் ஒட்டாது, ஈரம் பட்டால் ஒட்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். மிஞ்சியிருக்கிற அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஆர்கனை மெல்லிய குழாயால் விடுங்கள், நிமிடத்துக்கு 10 லீற்றருக்கு மேலே வேண்டாம், ஒட்டி முடியும் வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கட்டும். மேலே வந்த வாயை எந்தக் காரணம் கொண்டும் அடைக்க வேண்டாம், சூட்டில் நீராவி வந்தால் அது போக வழி வேண்டும். ஒட்டுகிற நேரம் அந்த வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

வெறுந் தாங்கிக்கு ஆர்கன் மட்டும் விடுவதென்றால் கொள்ளளவைப் போல ஐந்து மடங்காவது போக வேண்டும், 40 லீற்றருக்கு அதே வேகத்தில் 20 நிமிடம். தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் காற்று ஒளித்திருக்கும், ஒட்சிசன் மானி இல்லாமல் அதை நான் செய்யமாட்டேன். இன்னொன்று, ஆர்கன் பாரமான வாயு. பெரிய தாங்கிக்குள்ளோ அந்தக் குழிக்குள்ளோ நிறைந்திருந்தால் மணமும் இருக்காது நிறமும் இருக்காது, தலையை உள்ளே விட்ட ஆள் சத்தம் போடாமல் சரிந்துவிடுவான். இரண்டாவது ஆளும் தூக்கப்போய்ச் சரிவான்.

ஒட்சிசன் சிலிண்டரால் ஊதிக் காயவைக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அது வேண்டவே வேண்டாம்.

ஏ9 கராச்:

பரலுக்கு?

முள்ளியவளை ஹங்கர்:

பரலைத் தொடமாட்டேன். நெருப்பும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம்.

இரசாயன ரீச்சர்:

வெடிப்பதை விடுங்கள், பெற்றோல் இருந்த பரலில் அவித்த நெல் யாருடைய வீட்டுச் சோறு? மடிப்பு மடிப்பாக இருக்கிற பரலில் எவ்வளவு கழுவினாலும் அந்த மணம் அரிசிக்கு வரும். தேங்காயெண்ணெய் வந்த பரலைத் தேடச் சொல்லுங்கள். அதையும் கழுவித்தான் வெட்ட வேண்டும், எந்த எண்ணெயும் சுட்டால் ஆவி விடும்.

ஏ9 கராச்:

பரந்தன் பக்கம் பழைய பரல் விற்கிற கடைகளில் தேங்காயெண்ணெய்ப் பரல் வரும். நான் விசாரித்துச் சொல்கிறேன். சைலன்சர் விஷயத்தில் ரீச்சரோடு நான் இன்னும் உடன்படவில்லை, அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோடி முல்லை:

கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது? எங்கள் பக்கம் கிணறு கைக்கெட்டுகிற ஆழம்.

இரசாயன ரீச்சர்:

நல்ல கேள்வி. கிணற்றுப் பக்கமும் வாய்க்காலிலும் ஊற்றவே கூடாது, மணல் நிலத்தில் நேரே இறங்கும். வாயகன்ற இரும்புப் பாத்திரத்தில், ஆள் நடமாட்டமில்லாத வெளியில், ஒரு நாள் வைத்தால் எண்ணெய் மேலே பிரியும். அதை அள்ளி மரத்தூளில் ஊறவைத்து, கராச்சுகளில் கழிவு எண்ணெய் சேர்க்கிற பரலில் போடுங்கள். மிச்சச் சவர்க்காரத் தண்ணீரும் கிணற்றடிக்கு வேண்டாம்.

புதுக்குடியிருப்பு வெல்டர்:

அலுமினியத் தாங்கி முடிந்தது. அண்ணை சொன்ன மாதிரிக் கவிழ்த்து, தண்ணீர் விட்டு, ஆர்கன் ஓட விட்டு ஒட்டினேன். முதல் அரை அங்குலம் பொரிந்து கறுத்தது, வெடிப்புக்குள் பழைய எண்ணெய் இருந்திருக்க வேணும், அதைச் சுரண்டி எறிந்துவிட்டு ஸ்ரெயின்லெஸ் தூரிகையால் தேய்த்து மறுபடி ஒட்ட ஒழுங்காக ஓடியது. பரல்க்கார ஐயாவுக்கு விளக்கிச் சொன்னேன், முறைத்துக்கொண்டு போனார், பரலைக் கொண்டுபோகவில்லை.

கசிவு பார்க்கக் கொம்பிரசரை எவ்வளவில் வைப்பது?

முள்ளியவளை ஹங்கர்:

கொம்பிரசரை நேரே பூட்டினால் தாங்கி பலூன் மாதிரி ஊதிவிடும். விமானத்தின் உலோகத் தாங்கிக்கே 3.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் அமுக்கம்) தான் சோதனை. ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் சுவரில் யூ வடிவில் கட்டித் தண்ணீர் விடுங்கள், ஒரு முனை தாங்கிக்கு, மற்ற முனை திறந்தபடி. இரண்டு பக்கத் தண்ணீருக்கும் இடையில் 70 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால் 1 பிஎஸ்ஐ. படகுத் தாங்கிக்கு அவ்வளவே காணும். சைக்கிள் பம்பால் மெதுவாக அடித்துவிட்டுச் சவர்க்காரத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள்.

புதுக்குடியிருப்பு வெல்டர்:

பார்த்தாச்சு. ஒட்டில் ஒரு குமிழிகூட இல்லை. குழாய் பூட்டுகிற பித்தளை மரையில் சின்னச் சின்னதாக வருகிறது, அது முந்தியே இருந்திருக்கும். வெள்ளை ரேப் சுற்றி இறுக்கட்டுமா?

முள்ளியவளை ஹங்கர்:

தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற ரேப் எரிபொருளுக்கு வேண்டாம், நார் நாராகப் பிய்ந்து காபரேற்றர் ஜெட்டில் போய் அடைக்கும். பெற்றோல் தாங்குகிற மரைப் பசை ஸ்பெயார்ஸ் கடையில் கேளுங்கள், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுப் பூசுங்கள்.